பாலிசி போட்ட பணம் எங்கே போகிறது?

போன தை மாசம் ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுக் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து மடியில் போட்டார். "இதைப் பாரு கண்ணு. பேங்க்ல டெபாசிட்டுன்னுதான் போட்டேன். அஞ்சு வருசத்துல எடுத்துக்கலாம்னாங்க. இப்ப ரெண்டாவது தவணை கட்டச் சொல்லி மெசேஜ் வருது."

கவருக்குள் இருந்தது ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடம் ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டும், முதிர்வு அதற்கும் அப்புறம். டெபாசிட் என்ற சொல் முப்பத்தி சொச்சம் பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. எந்த பேங்க், எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பெரியப்பா கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "இது பேங்க்கும் இல்ல, சீட்டும் இல்லன்னா, என்னதான் இது?"

சேலத்தில் எந்தத் தட்டுவடை செட் கடையில் நின்று கேட்டாலும் இதற்கு இரண்டு பதில் கிடைக்கும். ஒருத்தர் "போட்டா டபுள் ஆகும்" என்பார், பக்கத்தில் நிற்கிறவர் "செத்தாத்தான்யா காசு வரும்" என்பார். இரண்டு பேரும் கால்வாசி சரி. மீதி முக்கால்வாசியை எனக்குத் தெரிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சங்கம்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிற ஆயிரம் பேர் ஒரு சங்கம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முப்பது வயசு. ஒரு உறுப்பினர் இறந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் தர வேண்டும், அவ்வளவுதான் விதி. வருடத்துக்கு இரண்டு பேர் இறக்கிறார்கள் என்றால் (கணக்குக்காக நான் போட்ட எண்தான்) தேவை இரண்டு லட்சம், ஆளுக்கு 200 ரூபாய். இழவு வீட்டுக்கு ஊரே சேர்ந்து காசு போடுவது நமக்குப் புதிதில்லை. பல வியாபாரிகள் சங்கங்களில் இது இன்றைக்கும் குடும்ப நல நிதி என்ற பெயரில் நடக்கிறது.

யார் சாவார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஆயிரம் பேரில் சுமாராக எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். காப்பீடு முழுக்க நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். ஆள் கூடக்கூட கணிப்பு இன்னும் நெருங்கி வரும், பெரிய கம்பெனிக்கு உள்ள உண்மையான வசதி இதுதான். வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹாலி 1693-ல் ப்ரெஸ்லா நகரத்துப் பிறப்பு, இறப்புக் கணக்குகளை வைத்து எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று ஒரு அட்டவணை போட்டார். அந்த மாதிரி கணக்குப் போடுகிறவருக்கு இன்றைக்கு ஆக்சுவரி என்று பெயர், அதாவது ஆயுளையும் பணத்தையும் சேர்த்துக் கணிக்கிறவர்.

சரி, நம் சங்கத்துக்கு வருவோம். இருபத்தைந்து வருடம் ஆச்சு. அதே ஆட்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயசு. வருடத்துக்குப் பத்து பேர் இறக்கிறார்கள், ஆளுக்கு 1,000 ரூபாய் ஆகிறது. புதிதாகச் சேர வந்த பையன் கணக்கைப் பார்க்கிறான். "எனக்கு இருபத்தி நாலு வயசு, நான் எதுக்குங்க ஆயிரம் கட்டணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். உள்ளே இருக்கிறவர்களில் ஆரோக்கியமாக இருக்கிறவர்களும் மெல்லக் கழன்றுகொள்கிறார்கள். மிஞ்சுவது வயதானவர்களும் நோயாளிகளும். ஆள் குறைவு, சாவு அதிகம், தலைக்குத் தொகை ஏறுகிறது, அதனாலேயே இன்னும் பத்து பேர் விலகுகிறார்கள். இப்படிக் கவிழ்ந்த சங்கங்கள் உலகம் முழுக்க உண்டு.

இதற்கு வழி கண்டது 1762-ல் லண்டனில் தொடங்கிய ஈக்விட்டபிள் என்ற காப்பீட்டுச் சங்கம். சேரும்போது என்ன வயசு என்று பார்த்து, அதற்கேற்ற ஒரு தொகையைக் கடைசி வரை மாறாமல் வாங்குவது. நம் சங்கத்தில் முப்பது வயதுக்காரனிடம் 200-க்குப் பதில் ஆரம்பத்திலிருந்தே 500 வாங்கினால் எப்படி இருக்கும்? இளமையில் அதிகமாகக் கட்டுகிறான், முதுமையில் அதே 500-தான், ஆனால் அப்போது தேவை அதைவிடக் கூடுதல். முன்னால் மிச்சமானது பின்னால் பள்ளத்தை நிரப்புகிறது. இப்படி மாறாமல் கட்டும் தொகைதான் பிரீமியம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பலர் போட்டு சிலருக்குக் கொடுப்பது காப்பீடு. வயசு ஏறினாலும் கட்டணம் ஏறாமல் இருக்க, முதலிலேயே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கிறார்கள்.

அந்த மிச்சப் பணம்தான் மலை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் பேரிடம் 500 வாங்கினால் 5 லட்சம். முதல் வருடம் செலவு 2 லட்சம். 3 லட்சம் மிச்சம். சங்கத் தலைவர் இதை லாபம் என்று நினைத்து ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மனுக்குத் தேர் அலங்காரம் செய்துவிட்டால் என்ன ஆகும்? அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆனால் இருபது வருடம் கழித்து இறக்கப்போகிற ஆட்களின் குடும்பங்கள் கோபித்துக்கொள்ளும். அது சங்கத்தின் காசே இல்லை. நாளைக்குத் தர வேண்டிய கடன், இன்றைக்குக் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். இப்படி வருங்காலப் பாக்கிக்காக ஒதுக்கி வைப்பதைக் காப்பு நிதி என்று சொல்லலாம்.

காப்பீட்டுக் கம்பெனியைப் பற்றி மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. எல்ஐசி நிர்வகிக்கிற சொத்து 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று பேப்பரில் படித்தால் "அடேயப்பா, எவ்வளவு சம்பாதிச்சிருக்கான்" என்று தோன்றுகிறது. சம்பாதித்ததில்லை அது. பெரும்பகுதி உங்களுக்கும் எனக்கும் தர வேண்டியது.

அந்தப் பணம் சும்மா பெட்டியில் தூங்குவதும் இல்லை. பத்து, இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தேவைப்படும் என்பதால் நீண்டகாலக் கடன் பத்திரங்களில் போடுகிறார்கள். நம் நாட்டு விதிப்படி ஆயுள் காப்பீட்டு நிதியில் குறைந்தது பாதி அரசுப் பத்திரங்களிலும் அதற்கு நிகரான அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் இருக்க வேண்டும் (யூலிப் எனப்படும், பங்குச்சந்தையோடு கட்டிய பாலிசிகளுக்கு விதி வேறு, அதற்குள் இன்றைக்குப் போகவில்லை). பாதிப் பணம் அரசுப் பத்திரத்தில் இருக்கும்போது, யாராவது வந்து "எங்க கம்பெனி பன்னிரண்டு பர்சென்ட் கேரன்டி தரும்" என்றால் அது எங்கிருந்து வரும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும்

பெரியப்பாவுக்கு நான் இதைக் காட்டித்தான் விளக்கினேன், ஏனென்றால் களத்திலிருந்து திரும்பினாலே கண்ணில் படும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக் கொடி. மரம் காப்பிச் செடியை வெயிலிலிருந்து காக்கிறது, கொடி வருடாவருடம் காசு தருகிறது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மரம். தோட்டக்காரருக்குத் தெரியும், வேலை இரண்டு.

சேமிப்போடு சேர்ந்த பாலிசியும் அப்படித்தான். எண்டோமென்ட் என்பார்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தாலும் பணம் வரும், உயிரோடு இருந்தாலும் காலம் முடியும்போது பணம் வரும். நீங்கள் கட்டுகிற ஒரு ரூபாய் உள்ளே போனதும் மூன்றாகப் பிரிகிறது. ஒரு பகுதி, அந்த வருடம் இறப்பவர்களின் குடும்பங்களுக்கு, அதாவது நம் சங்கத்துக்கு. இன்னொரு பகுதி ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் செலவு. மிச்சம்தான் சேமிப்பு. வட்டி சேர்வது இந்த மிச்சத்தின் மேல் மட்டும்தான், நீங்கள் கட்டிய முழு ரூபாய் மேல் இல்லை. மரம் மட்டும் போதும், கொடி வேண்டாம் என்கிறவர்களுக்கு டேர்ம் பாலிசி என்று ஒன்று உண்டு. காலத்துக்குள் இறந்தால் பணம், இல்லையென்றால் ஒன்றும் கிடையாது, அதனால்தான் அதன் பிரீமியம் மிகக் குறைவு. "ஒண்ணுமே திரும்பி வராதா?" என்று நம் ஊரில் அதை யாரும் விரும்புவதில்லை. பைக் இன்சூரன்ஸ் முடியும்போது மட்டும் இந்தக் கேள்வியை ஏனோ யாரும் கேட்பதில்லை.

இப்போது எல்லோரையும் குழப்புகிற போனஸுக்கு வருவோம். ஒரு எடுத்துக்காட்டு, எண்கள் புரிவதற்காக. முப்பத்தைந்து வயசுக்காரர், இருபது வருட பாலிசி, காப்புத்தொகை 5 லட்சம் (இறந்தால் தருவதாகக் கம்பெனி எழுதிக்கொடுக்கும் தொகைதான் காப்புத்தொகை), வருடப் பிரீமியம் 26,000. கம்பெனி "ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ்" என்று அறிவிக்கிறது. 5 லட்சத்துக்கு 22,500. ஏஜென்ட் என்ன சொல்வார்? "கட்டுறது இருபத்தாறாயிரம், போனஸே இருபத்திரண்டாயிரத்து ஐநூறு சார்!" கேட்கிறவருக்குத் தலை கிறுகிறுக்கும்.

சொல்லாமல் விடுவது என்னவென்றால், அந்த 22,500 இப்போது கைக்கு வராது. கணக்கில் எழுதி வைப்பார்கள், இருபதாவது வருடம்தான் தருவார்கள், நடுவில் அதன்மேல் வட்டி கிடையாது. வருடாவருடம் அதே போனஸ் அறிவித்தால் 20 வருடத்தில் 4.5 லட்சம். காப்புத்தொகையோடு 9.5 லட்சம். கட்டியது மொத்தம் 5.2 லட்சம். கிட்டத்தட்ட டபுள் மாதிரி தெரிகிறது அல்லவா? ஆனால் ஒவ்வொரு வருடமும் கட்டிய பணத்துக்குக் கூட்டுவட்டி போட்டுப் பார்த்தால் வருவது சுமார் ஐந்தரை சதவீதம். டபுள் என்கிற சொல் பொய்யில்லை, எத்தனை வருடத்தில் என்பதைத்தான் முழுங்கிவிடுகிறார்கள்.

அதே மனிதர் நான்கு தவணை கட்டியபின் இறந்துபோனார் என்று வையுங்கள். கட்டியது 1.04 லட்சம். குடும்பத்துக்கு வருவது 5 லட்சமும் நான்கு வருட போனஸ் 90,000-மும். இந்த இடத்தில் எந்த பேங்க் டெபாசிட்டும் பக்கத்தில் நிற்க முடியாது. ஐந்தரை சதவீதத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதை மறக்கிறார்கள், டபுள் என்று விற்கிறவர்கள் அதை மறைக்கிறார்கள்.

போனஸ் எங்கிருந்து வருகிறது? எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேர் இறந்திருக்கலாம், முதலீடு கூடுதலாக ஈட்டியிருக்கலாம், செலவு குறைந்திருக்கலாம். அந்த உபரியில் 90 சதவீதம் பாலிசிதாரர்களுக்கு, 10 சதவீதம் வரை பங்குதாரர்களுக்கு என்பது பங்கு பெறும் பாலிசிகளில் (இப்படி உபரியில் பங்கு தருகிற, போனஸ் உள்ள பாலிசிகள்) வழக்கமான பிரிவு. அதனால் போனஸ் வாக்குறுதி இல்லை, வருடம் பார்த்துச் சொல்வது. அறிவித்துவிட்டால் மட்டும் திரும்ப எடுக்க முடியாது.

சுருக்கமாக: ஒரு பாக்கெட்டில் இரண்டு சரக்கு. போனஸ் கணக்கிடுவது காப்புத்தொகை மேல், கட்டிய பணத்தின் மேல் இல்லை. வருமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பெயர் என்றால் வெளிநாட்டுக்குப் பணம் போகுமா?

பெரியப்பாவின் அடுத்த பயம் இது. பாலிசி அட்டையில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. "வெள்ளைக்காரன் கம்பெனி, ஓடிட்டான்னா?"

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் புருடென்ஷியல் (பெரியப்பாவின் பாலிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 1848-ல் லண்டனில் தொடங்கியது. 1854-லிருந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு வாரம் ஒரு பென்னி வாங்கிக்கொண்டு பாலிசி விற்றது. ஏஜென்ட் வீடு வீடாகப் போய் வசூலிப்பார். நம் ஊரில் தண்டல்காரர் சாயங்காலம் நோட்டோடு வந்து நிற்பாரே, அதே காட்சிதான், ஆனால் இவர் கொடுத்த கடனுக்கு வரவில்லை. 1923-ல் கல்கத்தாவில் கிளை திறந்தது, இந்தியாவில் விற்ற முதல் பாலிசி அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டக்காரருக்கு. இதைச் சொன்னபோது பெரியப்பா முகத்தில் ஒரு திருப்தி: "அப்பவும் தோட்டக்காரனைத்தான் பிடிச்சிருக்கானுங்க!"

அப்புறம் 1956. அப்போது இருந்த 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடன்ட் சங்கங்கள் (சிறு தொகைக்குக் காப்பீடு செய்தவை) என்று மொத்தம் 245-ஐயும் அரசு எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 1-ல் எல்ஐசியாக ஒன்றாக்கியது. 1999-ல் சட்டம் வந்து தனியாருக்குக் கதவு மறுபடி திறந்தது. 2000-ல் ஐசிஐசிஐயோடு கூட்டுச் சேர்ந்து புருடென்ஷியல் திரும்பி வந்தது. அப்போது வெளிநாட்டுக்காரர் 26 சதவீதத்துக்கு மேல் பங்கு வைக்க முடியாது, 2015-ல் 49 ஆனது, 2021-ல் 74.

ஆக, அட்டையில் உள்ள பெயர் ஒரு பங்குதாரரின் பெயர். உங்களுக்குப் பணம் தர வேண்டியது இந்தியாவில் பதிவான தனிக் கம்பெனி. பாலிசிதாரர் பணத்தை இந்தியாவுக்கு வெளியே முதலீடு செய்யக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள ஐஆர்டிஏஐ என்ற ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்கிறது. எதிர்பாராத இழப்பைத் தாங்க விதிப்படி தேவைப்படும் உபரியைப்போல் ஒன்றரை மடங்காவது கம்பெனி வைத்திருக்க வேண்டும், இதைத்தான் சால்வன்ஸி விகிதம் என்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவின் ஏஐஜி என்ற பெரிய காப்பீட்டுக் கம்பெனி கவிழப் பார்த்தபோது அந்நாட்டு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. ஏஐஜியைக் கவிழ்க்கப் பார்த்தது ஆயுள் பாலிசிகள் இல்லை, அதன் ஒரு பிரிவு மற்றவர்களின் கடனுக்குக் கொடுத்து வைத்த உத்தரவாதங்கள். இங்கே அதன் பெயரைத் தாங்கிய டாடா ஏஐஜி ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி தொடர்ந்து நடந்தது, பின்னால் டாடா ஏஐஏ என்று பெயர் மாறியது.

பெயரை வைத்து முடிவு செய்வதில் இன்னொரு கேலிக்கூத்து உண்டு. அமெரிக்காவில் 1875-ல் தொடங்கிய புருடென்ஷியல் என்று வேறொரு பெரிய கம்பெனி இருக்கிறது, லண்டன்காரர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லண்டன் கம்பெனியோ 2019-ல் தன் சொந்த பிரிட்டன் வியாபாரத்தையே எம் அண்ட் ஜி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, 2021-ல் அமெரிக்க வியாபாரமான ஜாக்சனையும் கழற்றிவிட்டு, இப்போது ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும்தான் நம்பியிருக்கிறது. எல்ஐசிக்கு மட்டும் ஒரு கூடுதல் பலம், காப்புத்தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

நடுவில் நிறுத்தினால் ஏன் அடி?

மிளகுக் கொடி நட்ட இரண்டாம் வருடமே "எங்கே காய்?" என்று வெட்டினால் கிடைப்பது விறகுதான். பாலிசியில் கமிஷனும் ஆரம்பச் செலவும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே போய்விடுவதால் உங்கள் சேமிப்புப் பங்கு அப்போது மிகச் சிறியது. நடுவில் விட்டுப் போனால் தருகிற தொகைக்கு சரண்டர் மதிப்பு என்று பெயர். 2024 அக்டோபரிலிருந்து வந்த விதிப்படி, ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டி, வருடமும் முடிந்திருந்தால் ஏதாவது ஒரு மதிப்பு உண்டு, முன்பு இரண்டு வருடமாவது கட்டியிருக்காவிட்டால் பெரும்பாலும் நாமம்தான். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தால் சின்னப் பிடித்தம் போக முழுப் பணமும் வந்துவிடும். அந்த 30 நாளும் பெரியப்பா வீட்டில் கவர் பிரிக்கப்படாமல் பீரோ மேல் இருந்தது.

"கம்பெனியிலிருந்து போன் வந்துச்சா பெரியப்பா, எல்லாம் புரிஞ்சுதான் வாங்குனீங்களான்னு கேட்டு?"

"வந்துச்சு. பேங்க்காரத் தம்பி முன்னாடியே சொல்லிட்டான், என்ன கேட்டாலும் எஸ் சொல்லுங்கன்னு. சொல்லிட்டேன்."

அந்த 'எஸ்' எல்லாம் பதிவாகியிருக்கும். இருந்தாலும் கம்பெனிக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுத்திருக்கிறோம், பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் இல்லாமல் விசாரிப்பார். நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம், தொடர்ந்தால் என்ன என்று இரண்டு கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். மிளகு விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். தவணைத் தேதி தாண்டி 30 நாள் அவகாசம் இருப்பதால் நானும் அவசரப்படுத்தவில்லை.

கிளம்பும்போது பெரியம்மா வந்து, "அவருக்கு ஏதாச்சும் ஆனா இது எனக்குத்தானே வரும்?" என்று கேட்டார். இவ்வளவு நேரம் போனஸ், சால்வன்ஸி என்று பேசிக்கொண்டிருந்த நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பார்த்தால் நாமினி என்ற இடத்தில் பெரியப்பாவின் அம்மா பெயர். அவருடைய பழைய சேவிங்ஸ் கணக்கில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்பாயி காலமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் இருக்கிற கிளையில் நாமினி மாற்றும் படிவத்தைக் கொடுத்து, சீல் வைத்த நகலை வாங்கி அதே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தோம்.